போட் மெயிலில் போட் எங்கே?

சிலோனுக்குக் கப்பல் விடவேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், தங்கச்சிமடத்து டீக்கடையிலேயே பதில் தயாராக இருக்கும்: "அதெல்லாம் அந்தக் காலம்." சென்னையில் கணக்குப் போடத் தெரிந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் கனமான சொற்களில். ரயிலில் வந்து கப்பல் ஏறி, அக்கரையில் மறுபடி ரயில் பிடித்து விடுமுறைக்கு வெளிநாடு போவது என்பது பழைய புகைப்படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்களின் ஆசை, நடைமுறைக்கு ஒத்துவராது என்பது இன்று படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பொதுவான முடிவாகிவிட்டது.

அவர்கள் தரப்பைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்புக்கு விமானம் போகிறது. யாழ்ப்பாணத்துக்குச் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விமானம் உண்டு. 1964 புயலோடு தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வழியை இயற்கையே மூடிவிட்டது. அதன்பிறகு தூத்துக்குடியில் ஒருமுறையும் நாகப்பட்டினத்தில் ஒருமுறையும் ஓட்டிப் பார்த்தும் நிலைக்கவில்லை. ஏறுவதற்கு ஆள் இல்லை. கடத்தலுக்குப் பெயர்போன கடலில் புதிதாக ஒரு வாசலைத் திறப்பது ஆபத்து. அப்படியே போக்குவரத்து வேண்டுமென்றால் பாலமாகக் கட்டுங்கள், கப்பல் எதற்கு?

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். இவற்றில் ஒன்றுகூட நிற்காது.

முதலில் அந்த ஒரு மணி நேரம். என் பெரியம்மா வாக்கப்பட்டுப் போனது மன்னார்த் தீவில் உள்ள பேசாலைக்கு. எங்கள் ஊரான தங்கச்சிமடத்திலிருந்து கடலுக்கு மேலே நேர்கோடு போட்டால் 65 கிலோமீட்டர் வரும். அவரைப் பார்க்க நான் போன வழி இது: தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர் பஸ். பறப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் ஆஜர். கட்டுநாயக்கவில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. இரவு அங்கே தங்கி, மறுநாள் விடியலில் புறப்பட்டு, பஸ் மாறி மாறி மறுபடி வடக்கே ஏறி, மன்னார்ப் பாலத்தைத் தாண்டும்போது மத்தியானம். மொத்தம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர், இரண்டு நாள். பெரியம்மா வாசலில் நின்றுகொண்டு சிரித்தார். "நாங்க காலைல கஞ்சி குடிச்சிட்டுக் கப்பல் ஏறுவோம் தம்பி. சாயந்தரம் இங்க வந்து அடுப்பு மூட்டிருவோம். நீ என்ன ரெண்டு நாளா வந்திருக்க?"

விமானம் வேகமானதுதான், மறுக்கவில்லை. மதுரைக்காரர் கொழும்புக்குப் போவதானால் அதுதான் சரி. மன்னார், மடு, அனுராதபுரம், வவுனியா என்று இலங்கையின் வடபாதிக்குப் போகிறவருக்கும், ராமநாதபுரம் கரையிலிருந்து கிளம்புகிறவருக்கும் அந்த ஒரு மணி நேரம் எந்த விதத்திலும் உதவாது. பயண நேரத்தை வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வீட்டு வாசல்வரை எண்ணவேண்டும். ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைவரை எண்ணிவிட்டு வேகம் என்று சொல்வது பாதிக் கணக்கு.

அடுத்தது புயல். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்ததை எங்கள் ராமேஸ்வரம் தீவில் யாரும் மறக்கவில்லை. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் முழுசாக எடுத்துக்கொண்டது. ரயில் நிலையம், சுங்கச்சாவடி, தபால் நிலையம் என்று ஒரு ஊரே போனது. ஆனால் அந்த இரவோடு இலங்கைக் கப்பலும் போய்விட்டது என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்களே, அது தவறு. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். அந்தப் பணியைப் பொறுப்பேற்று நடத்திய இளம் பொறியாளர்தான் பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ. ஸ்ரீதரன். கப்பல் துறை தனுஷ்கோடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மாறியது. அங்கிருந்து தலைமன்னாருக்கு 1980களின் தொடக்கம்வரை கப்பல் ஓடியது. 'ராமானுஜம்' என்ற பெயரை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரிடம் சொன்னாலும் முகம் மாறும். பெரியம்மா ஏறிப்போன கப்பல் அது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள், தகரப்பெட்டியும் சுருட்டிய பாயுமாக வந்து இறங்கியதும் இந்த வழியில்தான். புயலுக்குப் பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடிய கப்பலை நிறுத்தியது காற்றோ அலையோ அல்ல, அக்கரையில் மூண்ட போர். அந்தப் போர் 2009இல் முடிந்துவிட்டது. காரணம் போனபிறகும் தடையை மட்டும் ஏன் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்?

இனி "ஓட்டிப் பார்த்தோம், தோற்றது" என்கிற வாதம். எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் இதுதான். இதற்குப் பதில் சொல்ல, முதலில் அந்தப் பழைய கப்பல் எப்படி வென்றது என்று பார்க்கவேண்டும்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. அதற்கு முன் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில், அங்கிருந்து கொழும்புக்கு இரவெல்லாம் கப்பல். பாலம் வந்ததும் போட் மெயில் என்ற ரயில் தனுஷ்கோடியில் துறை முனைவரைக்கும் போனது. ரயிலை விட்டு இறங்கியவர் கூப்பிடு தூரத்தில் கப்பல் ஏறினார். தலைமன்னார் பியரில் இறங்கியதும் கொழும்பு ரயில் காத்து நின்றது. முதல் நாள் எழும்பூரில் ஏறியவர் மூன்றாம் நாள் காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கினார். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று மூன்று நீராவிக் கப்பல்கள் ஓடின. அவற்றின் சொந்தக்காரர் யார் என்பதுதான் முக்கியம். தனிக் கப்பல் கம்பெனி அல்ல, தென்னிந்திய ரயில்வே. ரயிலுக்கும் கப்பலுக்கும் கால அட்டவணை போட்டது ஒரே மேசை. ரயில் தாமதமானால் கப்பல் ஏன் காத்திருக்கவேண்டும் என்று யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் ஊர் மல்லிகை நாற்றுக்குப் பெயர்போனது. மதுரை மல்லி என்று நீங்கள் தலையில் வைக்கும் பூவின் தாய்ச்செடி பெரும்பாலும் எங்கள் மணலில் வேர்விட்டதுதான். நாற்றங்காலில் குச்சி நடும் அக்காவிடம் ஒருமுறை கேட்டேன், இத்தனை குச்சியில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று எப்படித் தெரியும்? கையிலிருந்த குச்சியைத் திருப்பிக் காட்டினார். "கணுதான் தம்பி. கணு மண்ணுக்குள்ள இருந்தா வேர் வரும். ரெண்டு கணுவுக்கு நடுவுல வெட்டுன வெறுங்குச்சிய எத்தன நாள் தண்ணி ஊத்தினாலும் அழுகித்தான் போகும்."

போட் மெயிலுக்கு இரண்டு கணு இருந்தது, ஒன்று தனுஷ்கோடியில், மற்றது தலைமன்னாரில். புதிதாக ஓட்டிப் பார்த்த கப்பல்களுக்கு அந்தக் கணு வைக்கவே இல்லை. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' புறப்பட்டது. ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றும் பெரிய கப்பல். ஒரு இரவு முழுக்கக் கடலில். எந்த ரயிலின் நேரத்தோடும் அதைக் கோக்கவில்லை. ஒரு வருடம்கூட ஆகவில்லை, நவம்பரில் நின்றுவிட்டது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியாபாணி' கிளம்பியது. வாடைக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் வாசலில் நிற்கும்போது புதுக்கப்பலைக் கடலில் இறக்கினார்கள். எங்கள் ஊரில் புதுப்படகு வாங்கிய சின்னப் பையன்கூட ஐப்பசி பிறக்கும் நேரத்தில் முதல் பாடு போகமாட்டான். 20ஆம் தேதியோடு அந்தச் சேவை நின்றதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நேரம் தெரியாமல் தொடங்கியதன் விளைவை, வழியின் தோல்வி என்று எழுதிவிட்டார்கள்.

கட்டணத்தையும் பாருங்கள். 2023இல் நாகப்பட்டினம் கப்பலுக்கு ஒருவழிக் கட்டணம் 6,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 7,670. விமானத்தில் எகானமி வகுப்புக்கு வரி 5 சதவீதம். ரயிலில் ஏசி இல்லாத வகுப்புக்கு வரியே கிடையாது. வானத்தில் போகிறவருக்கு ஐந்து, கடலில் போகிறவருக்குப் பதினெட்டு என்று தராசுத் தட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "கப்பல் கட்டுப்படியாகவில்லை" என்று எடை சொல்வது நியாயமா?

அதே நாகப்பட்டினம் வழியில் 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. மழை மாதங்களில் நிறுத்தி, 2025 பிப்ரவரியில் மறுபடி தொடங்கினார்கள். இது சரியான பாடம். சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறினால் விடியலில் நாகப்பட்டினம். அக்கரையில் காங்கேசன்துறை ரயில் நிலையம் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போரில் அழிந்த அந்தப் பாதை 2015 ஜனவரியில் மறுபடி திறந்து கொழும்புவரை ரயில் வந்துவிட்டது. தண்டவாளம், கடல், தண்டவாளம் மூன்றும் தயாராக இருந்தும், மூன்றுக்கும் மூன்று இடத்தில் தனித்தனியாகப் பதிவு. ரயில் பிந்தினால் கப்பல் போய்விடும், பணம் போனது போனதுதான். கணு இன்னும் வைக்கப்படவில்லை.

இதைச் செய்யமுடியாது என்று சொல்கிறவர்கள், எங்கள் சொந்தக்காரர்கள் பிழைக்கப் போன சிங்கப்பூரைப் பார்க்கட்டும். அங்கே ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் கப்பல் முனையம். பாஸ்போர்ட்டைக் காட்டி ஏறினால் ஒரு மணி நேரத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. சனி, ஞாயிறு விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய்த் திங்கள்கிழமை வேலைக்கு வந்துவிடுகிறார்கள். இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குப் போக, பிரிட்டனின் எந்த ரயில் நிலையத்திலிருந்தும் டப்ளின்வரை ரயிலும் கப்பலும் சேர்ந்த ஒரே டிக்கெட் எடுக்கலாம். ஹோலிஹெட்டில் ரயில் நிலையத்தை ஒட்டியே கப்பல் துறை. ஹாரிச்சிலிருந்து நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்துக்குப் போகும் கப்பலும் அப்படித்தான். அக்கரையில் கப்பல் துறைவரைக்கும் ரோட்டர்டாம் மெட்ரோ வந்து நிற்கிறது. அந்த ஊர்களில் விமானம் இல்லையா? நம்மைவிட அதிகம் உண்டு. இருந்தும் இந்த வழி அங்கே பழையகதை ஆகவில்லை. காரணம், ரயிலுக்கும் கப்பலுக்கும் நடுவில் இருக்கும் அந்த நூறு அடியையும் ஒருவர் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, "எவன் ஏறுவான்?" 2024இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல். அதில் ஐந்தில் ஒருவர் இந்தியர். எல்லா நாடுகளிலும் முதலிடம். ராமேஸ்வரத்துக்குக் காசியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ரயில் ரயிலாக வந்து, அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு, தனுஷ்கோடி முனையில் நின்று "அந்தப் பக்கம் தெரிகிறதா?" என்று எட்டிப் பார்க்கிற கூட்டத்தை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்கு அக்கரையில் திருக்கேதீஸ்வரம் இருக்கிறது. எங்களைப் போன்ற கத்தோலிக்கருக்கு மடுமாதா இருக்கிறார். தலைமன்னார் ரயில் பாதையிலேயே மடு வீதி என்று ஒரு நிலையம் உண்டு. அதே பாதையில் இன்னும் போனால் அனுராதபுரம். அங்கிருந்து புத்தகயைக்கு வர ஏங்கும் சிங்களக் குடும்பங்களுக்கும் இது வழி.

ஆள் இருக்கிறார்களா என்பதற்கு வருடாவருடம் ஒரு நிரூபணம் எங்கள் கண்முன் நடக்கிறது. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா. ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்கில் பெயர் கொடுத்து, அடையாள அட்டை காட்டி, கடலோரக் காவல்படையும் சுங்கமும் சோதித்து அனுப்ப, இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் படகில் போகிறார்கள். அக்கரையிலிருந்தும் வருகிறார்கள். ஒரு இரவு மணலில் படுத்து, மறுநாள் பூசை கண்டு திரும்புகிறார்கள். அங்கே இரண்டு கரைச் சொந்தமும் கட்டிப்பிடித்து அழுவதை நான் பார்த்திருக்கிறேன். குடியிருக்க ஒரு வீடுகூட இல்லாத தீவுக்கு, திறந்த விசைப்படகில், ஓர் இரவுக்காக இத்தனை பேர் போவார்களாம். இருக்கை போட்ட கப்பலில் மன்னாருக்குப் போக ஆள் வரமாட்டார்களாம்.

பாதுகாப்பு என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கடத்தல் நடக்கிறது, உண்மை. பீடி இலையும் கடல் அட்டையும் கஞ்சாவும் தங்கமும் பிடிபடாத மாதம் இல்லை. அவையெல்லாம் விளக்கணைத்த சின்னப் படகில், ஆளில்லாத கரையில், நேரம் சொல்லாமல் போகிறவை. நேரம் குறித்து, பெயர்ப்பட்டியலோடு, எக்ஸ்ரே கருவி தாண்டி, குடிவரவு முத்திரை வாங்கிப் போகும் கப்பல்தான் இந்தக் கடலிலேயே அதிகமாகக் கண்காணிக்கப்படும் கலமாக இருக்கும். நேர்வழியை அடைத்து வைத்தால் குறுக்குவழிதான் கொழுக்கும்.

என் ஊர்க்காரர்களின் கவலை வேறு, அதை மதிக்கிறேன். "கப்பல் வந்தா எங்க பாட்டுல மண்ணு" என்று விசைப்படகு அண்ணன்மார் சொல்கிறார்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுச் சிறையிலிருக்கும் பிள்ளைகளுக்கும் நாட்டுடைமையான படகுகளுக்கும் தீர்வு வராமல், சுற்றுலாக் கப்பலுக்கு மட்டும் கடல் திறந்தால் கோபம் வரத்தான் செய்யும். மீனவர் பிரச்சினையைக் கப்பல் தீர்க்காது. அதற்குத் தனிப் பேச்சுவார்த்தை வேண்டும், முதலில் வேண்டும். ஆனால் கடலைப் பங்கிட்டு நேரம் வகுப்பது எங்களுக்குப் புதிதல்ல. விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள் என்று முறைவைத்துத்தான் இந்தத் தீவில் தொழில் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். அதே நாட்களில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. தென்கடலில் கச்சான் காற்று வீசி அலை எழும்பும்போதும், நாங்கள் பெண்கடல் என்று சொல்லும் வடகடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ராமேஸ்வரம் - தலைமன்னார் வழி அந்த வடகடலில்தான். விடுமுறைக்காரர் கூட்டமும் வெறிச்சோடிய கடலும் ஒரே நேரத்தில் அமைவதைவிட நல்ல முகூர்த்தம் எது? ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கப்பலை நிறுத்திவையுங்கள். அந்தத் தேதிகளை முன்கூட்டியே அச்சடித்துச் சொல்லுங்கள். தடைக்காலத்தை ஏற்றுக்கொண்ட கரைக்கு இது புரியாதா?

கடைசியாகப் பாலம். கடல்மேல் சாலைப்பாலம் கட்டிய பிறகு பார்க்கலாம் என்கிறவர்கள், 2005இல் ஆரவாரமாகத் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் எங்கே நின்றது என்று நினைத்துப் பார்க்கட்டும். பவளப்பாறையும் கடற்பசுவும் உள்ள, ஒரு பக்கம் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் கடல் இது. தூண் நடத் தொடங்கினால் வழக்கு முடிய ஒரு தலைமுறை போகும். ஆழம் குறைந்த இந்தக் கடலுக்கு ஏற்ற, குறைந்த மிதப்பு ஆழமுள்ள சிறு கப்பலுக்கு ஒரு துறையும் ஒரு சுங்க அறையும் போதும். பாலம் வருகிறதென்றால் வரட்டும். அதுவரை கரையில் கைகட்டி நிற்கவேண்டிய அவசியம் இல்லை.

பெரிய செலவெல்லாம் ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. கப்பல் போக வழிவிட்டு 72.5 மீட்டர் நீளத் துண்டு நேராக மேலே ஏறுகிறது. அக்கரையில், மதவாச்சியிலிருந்து தலைமன்னார் பியர்வரை இருந்த பாதையை இந்திய ரயில்வேயின் இர்கான் நிறுவனமே மறுபடி போட்டுக்கொடுத்தது. 2015 மார்ச் 14 அன்று இந்தியப் பிரதமரே தலைமன்னாரில் கொடியசைத்தார். 1914இல் நம் பக்கம் மீட்டர் கேஜ், அவர்கள் பக்கம் அகலப்பாதை. இன்று இரு கரையிலும் ஒரே அகலம், 1,676 மில்லிமீட்டர். 2024 டிசம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலைச் சீக்கிரம் தொடங்க அதிகாரிகள் வேலை செய்யவேண்டும் என்று கூட்டறிக்கையில் சொல்லிவிட்டார்கள். இரு பக்கத் தண்டவாளத்துக்கும் கோடிகோடியாகக் கொட்டிவிட்டு, நடுவில் உள்ள 50 கிலோமீட்டர் தண்ணீருக்கு மட்டும் மனம் வரவில்லை.

நான் பழைய போட் மெயிலைத் திரும்பக் கேட்கவில்லை. அது எல்லோருக்கும் இனிய பயணமாக இருந்ததும் இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களை மண்டபத்தில் நோய்த்தடுப்பு முகாமில் அடைத்துவைத்துத்தான் ஏற்றினார்கள்; அந்த ஊருக்கு இன்றும் மண்டபம் கேம்ப் என்றே பெயர். பிழைக்கப் போனவர்களும் விரட்டப்பட்டு வந்தவர்களும் அழுதுகொண்டு கடந்த கடல் இது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள், ஒரு பள்ளி ஆசிரியரோ மல்லிகை நாற்று விற்கும் அக்காவோ, ஒருமுறையாவது சந்தோஷத்துக்காக இதைக் கடக்கவேண்டும். வெளிநாட்டு விடுமுறை என்பது விமான நிலையம் பக்கத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் எழுதிவைத்ததா?

வேண்டியது நாலே காரியம். ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். ரயில் பிந்தினால் கப்பல் நிற்கும் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி. கப்பல் கட்டணத்துக்கு விமானத்துக்கு உள்ள அதே 5 சதவீத வரி. தடைக்காலத்தைப்போல முன்கூட்டியே அறிவித்த பருவகால அட்டவணை. இந்த நாலும் செய்து ஒரு வருடம் ஓட்டிய பிறகும் இருக்கைகள் காலியாகக் கிடந்தால், "அதெல்லாம் அந்தக் காலம்" என்று நானும் சேர்ந்து சொல்கிறேன்.

எழும்பூரிலிருந்து இரவு புறப்பட்டு விடியலில் எங்கள் ஊர் வழியாக ராமேஸ்வரம் போகும் ரயிலை நாங்கள் இன்றும் போட் மெயில் என்றுதான் சொல்கிறோம். பெரியம்மா போனில் பேசும்போதெல்லாம், "போட் மெயிலு வந்துருச்சா?" என்று கேட்பார். வந்துவிட்டது என்று சொல்வேன். அடுத்த கேள்வியை அவர் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கும் ஒருநாள் வந்துவிட்டது என்று பதில் சொல்ல எனக்கு ஆசை.